கோவா கப்பலில் புதிய போக்கர் அறை: 1,35,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு மஞ்சள் சீட்டோடு திரும்பினேன்

ஊர் திரும்பி ஒன்பது நாள்கள் ஆகின்றன. என்னுடைய 1,35,000 ரூபாய் பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் ஒரு சூதாட்டக் கப்பலில், புதிதாகத் திறந்த போக்கர் அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கப்பலின் பெயரையோ அறையின் பெயரையோ எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, அடுத்துப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். சூதாடப் போனவனுக்கு இது வேண்டியதுதான் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆட்டத்தில் தோற்ற பணத்துக்காக நான் ஒருநாளும் யாரிடமும் புலம்பியவன் அல்லன். இது தோற்ற பணம் அன்று.

கோவையில் மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக, கடை சாத்திய பிறகு கைப்பேசியில் போக்கர் ஆடி வந்தேன். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் செயலிகள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டத்துக்கு உட்பட்டு ஆடுவதற்கு எஞ்சியது கோவா போன்ற சில இடங்கள்தான். கோவாவின் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தங்களால்தான் அங்கே ஐந்து நட்சத்திர விடுதிகளிலும் கப்பல்களிலும் கேசினோ நடக்கிறது. ஆகவே போக்கர் ஆடும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், புதிய அறை திறக்கிறார்கள், திறப்பு மாதச் சலுகை உண்டு, விமானமும் விடுதியும் அவர்கள் செலவு என்று செய்தி வந்தபோது, எனக்கு மட்டுமல்ல, குழுவில் பலருக்கும் அது தண்ணீர் இல்லாத ஊரில் லாரி வந்த மாதிரி இருந்தது.

மறுநாளே ஒரு தம்பி அழைத்தான். அவர்கள் மொழியில் அவன் 'ஹோஸ்ட்'. ஆட்களைப் பிடித்து வருவதுதான் அவன் வேலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் சேலத்துப் பேச்சில் "அண்ணா, நம்ம ஊர்க்காரங்க வந்தா எனக்குத்தாண்ணா பெருமை" என்று அவன் சொன்னதும், இந்தியில் தடுமாற வேண்டியதில்லை என்ற நிம்மதியே எனக்குப் பெரிதாகிவிட்டது. பெங்களூரு வழியாக விமானம், பனாஜியில் இரண்டு இரவுக்கு விடுதி, எல்லாம் அவனே பதிவு செய்தான். கையில் 80,000 ரூபாயோடு போனேன்.

அறையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் பார்வையில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கரையிலிருந்து படகில் கூட்டிப் போய், மணிக்கட்டில் பட்டை கட்டி, மற்ற மேசைகளின் இரைச்சலைத் தாண்டி மேல் தளத்துக்கு ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் ஆறு மேசைகள், அவற்றில் மூன்றில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. புதுத் துணியின் வாசனை இன்னும் போகாத நீல மேசைகள். சீட்டு கொடுப்பவர்கள் பெரும்பாலும் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள். கை அவ்வளவு சுத்தம்! புதிய கட்டைப் பிரித்ததும் 52 சீட்டையும் விசிறிபோல விரித்துக் காட்டி, கவிழ்த்து, மேசை முழுவதும் பரப்பிக் கலைத்த பிறகே இயந்திரத்தில் வைத்தார்கள். ஒரு கட்டு ஆட்டத்தில் இருக்கும்போது இன்னொரு கட்டு இயந்திரத்தில் கலைந்துகொண்டிருந்தது. இணையத்தில் ஆறு ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாத கணினி கலைத்த சீட்டை ஆடியவனுக்கு, கண்ணெதிரே ஒரு மனிதக் கை கலைப்பதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

உறுத்தல்கள் அப்போதே இல்லாமலில்லை. நான்தான் ஒதுக்கித் தள்ளினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையின் நடுவில் சேரும் பணத்தில் அறை எடுத்துக்கொள்ளும் பங்குக்கு 'ரேக்' என்று பெயர். திறப்பு மாதத்தில் அது 3 சதவீதம் மட்டுமே, எவ்வளவு பெரிய பணமானாலும் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பது விளம்பரம். 4,000 ரூபாய் சேர்ந்தால் 3 சதவீதம் 120 ரூபாய். அவர்கள் எடுத்தது 200. நூறு நூறாகத்தான் எடுப்போம், பின்னம் வந்தால் மேலே ஏற்றிவிடுவோம் என்றார்கள். 200 என்பது 5 சதவீதம். அதாவது சின்ன ஆட்டங்களில் விளம்பரம் செய்த கணக்கே அங்கே கிடையாது. அடுத்து, என் மேசையில் இருந்த இருவர் பணம் தீர்ந்தபோது, பணம் கட்டிச் சிப்பு (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் வில்லை) வாங்கும் கவுண்டர் பக்கம் போகவே இல்லை, மேற்பார்வையாளரே சிப்புகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மேசை காலியாகத் தெரியாமலிருக்க அறையே உட்கார வைத்த ஆட்கள் அவர்கள். பல நாடுகளில் உள்ள வழக்கம்தான். சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை. இங்கே யாரும் சொல்லவில்லை.

200-400 மேசையில், அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவர் கட்டாயமாக 200, 400 ரூபாய் வைக்க வேண்டிய மேசையில், 60,000 ரூபாயோடு உட்கார்ந்தேன். பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமுமாகவே போனது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் என் கையில் இரண்டு ஒன்பதுகள். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ராஜா, ஒன்பது, நான்கு விழுந்தன. எதிரே இருந்த சூரத் வியாபாரியிடம் ஆசும் ராஜாவும் இருந்திருக்கிறது; என் மூன்று ஒன்பதுக்கு முன்னால் அவருடைய இரண்டு ராஜா நிற்காது. மனிதர் கடைசிவரை விடவே இல்லை. அந்த ஒரே ஆட்டத்தில் என் முன்னால் இருந்தது ஏறக்குறைய இரட்டிப்பானது. நான்கு மணிக்கு எழுந்தபோது எண்ணிப் பார்த்தேன்: 1,35,000 ரூபாய். அதில் 60,000 நான் உட்காரும்போது வைத்தது.

இனிமேல் நடந்ததைத்தான் ஒன்பது நாளாகப் படுக்கையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். சிப்பைப் பணமாக்கும் கேசினோவின் கவுண்டர் கீழ்த்தளத்தில் இருந்தது. நான் கிளம்பும்போது தம்பி எதிரே வந்தான். "கீழ ஷிஃப்ட் மாறுதுண்ணா, எப்படியும் நாற்பது நிமிஷம் ஆகும். இவ்வளவு காசை எடுத்துக்கிட்டு இந்த நேரத்துல டாக்ஸியில எதுக்குண்ணா? நம்ம டெஸ்க்குலயே குடுத்துடுங்க, உங்க அக்கவுண்ட்ல பேலன்ஸா ஏறிடும். நாளைக்கு வந்ததும் நேரா சீட்டுல உட்காரலாம், இல்ல வேணும்னா எடுத்துக்கலாம்."

'பேலன்ஸ்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தேன். ஆறு ஆண்டுகள் செயலியில் ஆடியவனுக்குப் பேலன்ஸ் என்றால் திரையில் தெரியும் எண். பொத்தானை அழுத்தினால் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் பணம். ஒரு முறைகூட வராமல் போனதில்லை. அந்த டெஸ்க்கில் இருந்த பெண் பத்தாயிரம் ரூபாய்ச் சிப்பில் பதின்மூன்றும் ஆயிரம் ரூபாய்ச் சிப்பில் ஐந்தும் அடுக்கி, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு முறை எண்ணினாள். தம்பி கையடக்கக் கணினியைத் திருப்பிக் காட்டினான். என் பெயரும் அதற்கு எதிரே 1,35,000 என்ற எண்ணும் இருந்தன. மஞ்சள் நிறச் சீட்டில் தொகையும் தேதியும் எழுதி, ஒரு முத்திரை குத்தி, கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முத்திரையில் யார் பெயர் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவன் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் சூடான உப்புமா வரவழைத்து, "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா, ராத்திரி முழுக்க டீயிலயே இருந்தீங்க" என்றான். மகள் பிளஸ் டூ படிப்பதைக்கூட அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளுத்துக்கொண்டிருந்த ஆற்றில் படகில் உட்கார்ந்து, நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டே கரைக்கு வந்தேன். 1,35,000 ரூபாயின் விலை ஒரு கிண்ணம் உப்புமா.

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் போய்ப் பணத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கணக்குப் பிரிவு எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். எட்டு மணிக்குக் கேட்டால், திறப்புச் சலுகையில் வந்தவர்கள் 30 மணி நேரம் ஆடி முடித்த பிறகே எடுக்க முடியும், நான் ஆடியது ஒன்பது மணி நேரம்தான் என்றார்கள். இப்படியொரு நிபந்தனை வாட்ஸ்அப் செய்தியிலும் இல்லை, சீட்டிலும் இல்லை, தம்பியின் வாயிலும் வரவில்லை. அதே பணத்தை வைத்து அந்த நிமிடமே மேசையில் உட்காரலாமா என்று கேட்டால், தாராளமாக உட்காருங்கள் சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்து தோற்பதற்கு அந்தப் பணம் இருந்தது. எடுத்துக்கொண்டு போவதற்கு இல்லை.

கீழே கேசினோ கவுண்டருக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மாள் மஞ்சள் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, இது எங்கள் ரசீது இல்லை என்றார். கப்பல் ஒருவருடையது, போக்கர் அறையை எடுத்து நடத்துகிறவர்கள் வேறு ஒருவராம். எங்கள் கவுண்டரில் சிப்பாகக் கொண்டுவந்தால் ஒரு நிமிடத்தில் பணம் தருவோம், அவர்களிடம் திருப்பிக் கொடுத்த சிப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். அப்போதுதான் முத்திரையைப் பார்த்தேன். கேசினோவின் பெயரே அதில் இல்லை. முதல் நாள் இரவு அந்த நாற்பது நிமிடம் நான் வரிசையில் நின்றிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மேலே வந்தால் மேலாளர் விமானத்தில் இருக்கிறாராம். தம்பியைத் தேடினேன். அறையின் மறுகோடியில் வேறு ஒருவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டியபடி கதவைத் திறந்து வெளியே போனான். இரவு ஒரு மணி வரை காத்திருந்தேன். அவன் திரும்பி வரவில்லை. காலையில் எனக்கு விமானம்.

ஊருக்கு வந்த பிறகு முதல் இரண்டு நாள் "பண்ணிடலாம்ணா", மூன்றாம் நாள் "ஏழு வேலை நாள் ஆகும்ணா", ஐந்தாம் நாளிலிருந்து 'அண்ணா' போய் 'சார்'. ஏழாம் நாள் தலைப்பே இல்லாத ஒரு கணக்குத் தாள் வந்தது. 1,35,000 ரூபாயில் விமானக் கட்டணம் 11,400, விடுதி 14,000, ஜெயித்த 75,000 ரூபாய்க்கு 30 சதவீத வருமான வரி 22,500 என்று கழித்து, மீதம் 87,100; அதுவும் 30 நாளுக்குள் நேரில் வந்து ஆடுவதற்கு மட்டும் செல்லுமாம். இலவசம் என்று கூட்டிப் போன விமானத்துக்கும் விடுதிக்கும் என் பணம். வரி பிடித்தது உண்மையானால் அதற்குச் சான்றிதழ் தர வேண்டும், என் பான் எண்ணில் அது ஏற வேண்டும். சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைச் சொன்ன அரை மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். குழுவை நடத்தியதும் அவர்கள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வக்கீல் நண்பர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி, பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு உரிமையியல் வழக்குப் போட முடியாது. போக்கர் திறமை விளையாட்டு, அதனால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதாடலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்கிறார். ஒப்படைத்ததைத் திருப்பித் தராதது நம்பிக்கை மோசடி, அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவில் வரும் என்று எழுதி, சீட்டின் நகலோடு பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறார். 1,35,000 ரூபாய்க்காகக் கோவாவுக்கும் கோவைக்கும் எத்தனை முறை அலைவது என்று அவர்களும் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

போகிறவர்களுக்கு விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது மணி பன்னிரண்டரை, காலையில் கடை திறக்க வேண்டும், எழுத எழுத ஆத்திரம்தான் ஏறுகிறது. அதனால் சுருக்கமாக: எழுந்தவுடன் சிப்பைக் கேசினோவின் சொந்தக் கவுண்டரில் மட்டும் பணமாக்குங்கள், வரிசை எவ்வளவு நீளமானாலும் நில்லுங்கள். அறையை நடத்துவது யார், கப்பல்காரரா வேறு ஆளா என்று உட்காருவதற்கு முன்பே கேளுங்கள். ரசீதின் முத்திரையைப் படியுங்கள். டிக்கெட்டை நீங்களே எடுங்கள். 'பேலன்ஸ்' என்று எவன் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். என் மனைவிக்கு இன்னும் தெரியாது. ஊர்க்காரர்கள் யாரும் வீட்டில் கேட்டுவிட வேண்டாம். இதே அறையில் வேறு யாருக்காவது பணம் நின்றிருந்தால் தனிச் செய்தியில் எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் எடுபடும் என்கிறார் வக்கீல்.