டியூன் செய்த வண்டிக்கு 92 ஆ, 95 ஆ? மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளை வைத்து ஒரு அலசல்

வேகன் ஆர் ஸ்டிங்ரே டர்போவுக்கு பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றுகிறார்கள். பழைய சிவிக்குக்கும் லான்சருக்கும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றுகிறார்கள். பல்சர் என்எஸ் 200 பைக்குக்குக் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு) கூட ஹெட் சீவுகிறார்கள். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்படி வண்டியோடு மினக்கெடுகிற பொடியன்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு செலவழித்தவர் பெற்றோல் செட்டுக்குள் நுழைந்ததும், பக்கத்துப் பம்பில் நிற்கிறவரைப் பார்த்து 92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கிறார், அல்லது பெருமைக்கு 95 அடிக்கிறார். பக்கத்துப் பம்பில் நிற்பது டியூன் செய்யாத வண்டி. அதற்குப் பொருந்துகிற பெற்றோல் இதற்கும் பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பனியிலிருந்து வந்தபடியே ஓடும் பெரும்பாலான ஜப்பான், இந்திய வண்டிகளுக்கு 92 தாராளமாகப் போதும். பூஸ்ட் கூட்டியிருந்தாலோ கம்பிரஷன் ஏற்றியிருந்தாலோ 95க்குக் கீழே இறங்கவே கூடாது. நடுவில் நிற்கிற வண்டிகளுக்கு இரண்டு கேள்வி: டியூன் எந்தப் பெற்றோலை வைத்து எழுதப்பட்டது? நீங்கள் வழக்கமாகப் போய்வருகிற தூரத்தின் கடைசி செட்டில் அந்தப் பெற்றோல் கிடைக்குமா?

ஒக்டேன் எண் கூடினால் சக்தி கூடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு லீற்றர் 95க்குள் இருக்கும் எரிசக்தியும் ஒரு லீற்றர் 92க்குள் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளக் பொறி தட்டித் தொடங்கும் தீ சிலிண்டருக்குள் பரவி முடிப்பதற்குள், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நொக். அப்படித் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நொக் வராத எஞ்சினுக்கு 95 அடித்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, காசு மட்டும் போகும். நொக் வருகிற எஞ்சினுக்கு 92 அடித்தால் பிஸ்டன் போகும்.

உங்கள் வண்டிக்கு அடிப்படையில் என்ன தேவை என்பதை அறிய ஒரு சுலபமான வழி, பெற்றோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்ப்பது. ஜப்பானிலிருந்து நேரே வந்த வண்டிகளில் ஜப்பானிய எழுத்தில் 'ரெகுலர்' அல்லது 'பிரீமியம்' என்று இருக்கும். கைபேசி கமராவை மேலே பிடித்தால் அதுவே மொழிபெயர்த்துத் தரும். ஜப்பான் தரப்படி ரெகுலர் என்றால் ஆகக் குறைந்தது 89, பிரீமியம் என்றால் ஆகக் குறைந்தது 96. அங்கே செட்டுகளில் பிரீமியம் என்று விற்பது பெரும்பாலும் 100க்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே 'ரெகுலர்' ஸ்டிக்கர் உள்ள வண்டிக்கு எங்கள் 92 அங்கத்தைய தரத்தைவிட ஒரு படி மேல். 'பிரீமியம்' ஸ்டிக்கர் உள்ள வண்டிக்கு எங்கள் 95 ஒரு படி கீழ். பலர் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவதைத்தான். லான்சர் எவலூஷன், இம்ப்ரெஸா எஸ்டிஐ, டைப் ஆர் வைத்திருப்பவர்கள் 95 அடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருக்கக் கூடாது. ஜப்பானில் 100க்கு எழுதிய டியூனோடு வந்த வண்டியை எங்கள் 95இல் ஓட்டுவதென்றால், டைமிங்கை (பிளக் பொறி தட்டும் நேரத்தை) கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, பூஸ்டைக் கொஞ்சம் இறக்கி, இங்கத்தைய பெற்றோலுக்கு ஏற்றாற்போல் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

கம்பிரஷன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. டொயோட்டா அக்வாவின் கம்பிரஷன் 13.4, அதற்கு ரெகுலர் போதும். இசட்சி32எஸ் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் கம்பிரஷன் 11.0, அதற்குப் பிரீமியம் கேட்கிறார்கள். அக்வாவில் உள்ளிழு வால்வு பிந்தி மூடுவதால் உண்மையில் அமுக்கப்படும் காற்று குறைவு. ஹொண்டா இதைவிட நல்ல உதாரணம் தந்திருக்கிறது. 2017இல் ஜப்பானில் வந்த சிவிக்கில் செடானுக்கும் ஹட்ச்பெக்குக்கும் அதே 1.5 டர்போ. செடான் ரெகுலரில் 173 குதிரைவலு, ஹட்ச்பெக் பிரீமியத்தில் 182. எந்தப் பெற்றோலை நம்பி டியூன் எழுதினார்கள் என்பதுதான் முக்கிய வித்தியாசம். செடானுக்கு 95 ஊற்றினால் அது தானாக ஹட்ச்பெக் ஆகிவிடாது.

எங்கள் பக்கத்தில் ஆகக் கூடுதலாக ஆபத்து விளைவிப்பது, ஈசியூவில் ஏற்றுகிற வெளிநாட்டு டியூன் ஃபைல். அமெரிக்காவில் '91 ஃபைல்', '93 ஃபைல்' என்று விற்பதை இணையத்தில் வாங்கி ஏற்றிவிட்டு, "91தானே, எங்களிட்ட 92 இருக்கே" என்று நிம்மதியாக ஓட்டுகிறார்கள். அமெரிக்கர்கள் எண்ணைக் கணக்கிடும் முறை வேறு. அங்கே பம்பில் போடுவது இரண்டு வகைச் சோதனைகளின் சராசரி, இங்கே போடுவது அதில் கூடுதலாக வருகிற ஒன்றை மட்டும். அவர்களுடைய 87 எங்கள் 91, 92க்குச் சமம். அவர்களுடைய 91 எங்கள் 95, 96. அவர்களுடைய 93 எங்கள் 98 அளவில் நிற்கும். அதாவது அந்த '91 ஃபைலுக்கு' எங்கள் 92 போதவே போதாது, 95கூட விளிம்பில்தான். '93 ஃபைல்' என்றால் இங்கே செட்டில் கிடைக்கிற 95ஐ நம்பி ஏற்றவே வேண்டாம்.

இனி வண்டி வண்டியாகப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிள்கள். பல்சர், எஃப்இசட், ஆர்15 எல்லாம் இந்தியாவின் 91ஐ மனதில் வைத்துச் செய்தவை. பைப்பும் ஏர் ஃபில்டரும் மட்டும் மாற்றியிருந்தால் 92இலேயே நில்லுங்கள். மிஞ்சும் காசுக்கு நல்ல ஒயில் வாங்கலாம். ஹெட் சீவியிருந்தாலோ பெரிய புளொக் போட்டிருந்தாலோ கதை வேறு. என்எஸ் 200 கம்பனியிலிருந்தே 11இல் வருகிறது. அதற்கு மேலே ஏற்றினால் 95 கட்டாயம். இந்த வகை பைக்குகளில் பெரும்பாலும் நொக் சென்சர் கிடையாது. கார் என்றால் ஈசியூ நொக்கைக் கேட்டு டைமிங்கை இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும். பைக்கைக் காப்பாற்ற உங்கள் காதுதான் இருக்கிறது.

வேகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ. 658 சிசி, 64 குதிரைவலு. எஞ்சினால் முடியாததால் 64 இல்லை. கெய் எனப்படும் சின்ன எஞ்சின் வண்டிகளுக்கு அதற்கு மேல் போவதில்லை என்று ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எல்லை அது. அதனால்தான் ரீமேப் செய்தவுடன், அதாவது ஈசியூவில் டியூனைத் திரும்ப எழுதியவுடன், வண்டி பறக்கிறது. கம்பனி டியூனில் 92 சரி. ரீமேப் செய்த அன்றிலிருந்து 95. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டர்போ காற்றைக் குளிரவைக்கும் அந்தச் சின்ன இன்டர்கூலர் கல்முனை பஸாருக்குள் ஊர்ந்து வந்தாலே சூடேறிவிடுகிறது. பஸார் தாண்டியதும் ஒரேயடியாக மிதித்தால் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் எஞ்சின் விழுங்கும்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4, சிவிக் 1.5 போன்ற, பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் அடிக்கிற டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குறைந்த சுற்றில், பெரிய கியரில், முழுக்க மிதிக்கும்போது பிளக் பொறி தட்டுமுன்பே கலவை பற்றிக்கொள்வது. இதற்கு 95 மட்டும் மருந்தாகாது. ஒயில் பேணியில் ஏபிஐ எஸ்பி (API SP) என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த தரம் அது, இந்தச் சிக்கலுக்கான சோதனையும் அதில் அடக்கம். அப்புறம், ஐந்தாம் கியரில் 1500 சுற்றில் வைத்து மிதிக்கிற பழக்கத்தையும் விடவேண்டும்.

பழைய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கே டியூன் ஆகிற வண்டிகளில் அதிகமானவை வயது போனவை. பிஸ்டன் தலையில் கரி படியப் படிய எரியறை சுருங்கும், கம்பிரஷன் கூடும், கரித்துண்டே கங்காகவும் நிற்கும். புதிதாக இருந்தபோது 92இல் அமைதியாக ஓடிய எஞ்சின் இப்போது 92இல் நொக் அடித்தால், 95 அடித்துச் சமாளிப்பதற்கு முன் கரியைக் கழுவுங்கள்.

சூடு, கடல்மட்டம் இரண்டும் எங்களுக்கு எதிராகத்தான் நிற்கின்றன. கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மட்டக்களப்பில் உச்சி வெயிலில் வரண்ட காற்று எஞ்சினுக்குள் போகும். நொக்குக்கு அதைவிடத் தோதான காலம் இல்லை. மாரியில் ஈரக்காற்று, கொஞ்சம் குளிர்ச்சி, எஞ்சின் இலகுவாக மூச்சுவிடும். டிசம்பரில் 92இல் நன்றாக ஓடியது என்பதை வைத்து ஜூலையையும் கணக்குப் பண்ணாதீர்கள். கடல்மட்டத்தில் காற்று அடர்த்தி, அதனால் சிலிண்டர் அழுத்தமும் கூட. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும்போது டர்போ இல்லாத வண்டிக்கு ஒக்டேன் தேவை குறைந்துகொண்டே போகும். டர்போ வண்டிக்கு அந்தச் சலுகை பெரிதாகக் கிடையாது. அழுத்தக் குறைவை டர்போ ஈடுகட்டிவிடும், ஏற்றமோ எஞ்சினை விடாமல் சுமையில் வைத்திருக்கும்.

காசுக் கணக்குக்கு வருவோம். 2025 ஜனவரியில் பெற்றோலியக் கூட்டுத்தாபன விலை 92க்கு 309 ரூபா, 95க்கு 371. வித்தியாசம் 62. அதே வருடம் ஜூலையில் 305உம் 341உம். வித்தியாசம் 36. முப்பது லீற்றர் டேங்குக்கு ஜனவரியில் 1,860 ரூபா கூட, ஜூலையில் 1,080 ரூபா கூட. விலை மாதாமாதம் பார்க்கப்படுவதால் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும். ரீமேப் செய்த வண்டிக்கு இந்தத் தொகையைப் பார்த்துத் தயங்குவது பிழையான சிக்கனம். ஒரு பிஸ்டன் உடைந்தால் எஞ்சினை முழுக்கக் கழற்ற வேண்டும். கம்பனி டியூனில் ஓடும் அக்வாவுக்கு மாதாமாதம் அதைக் கொடுப்பது வீண்.

95 கிடைப்பதுதான் அடுத்த தலையிடி. மட்டக்களப்பு டவுன், கல்முனை, அம்பாறை டவுன் பக்கம் பெரிய சிரமம் இல்லை. உள்ளே போகப் போக 92உம் டீசலும் மட்டும் உள்ள செட்டுகள்தான் வரும். மகா ஓயா, பதியத்தலாவ வழியாக மகியங்கனைக்குப் போகிறவர், பொத்துவில் தாண்டி மொனராகலைக்குப் போகிறவர், டேங்க் அரைவாசியாகுமுன் 95 உள்ள செட்டில் நிரப்பிக்கொள்வது நல்லது. வழியில் முடிந்துவிட்டால் 92 அடித்துக்கொண்டு மெதுவாகப் போகலாம், பூஸ்டுக்குள் போகாமல் ஓட்டினால் பாதகமில்லை. பாதி 95 இருக்கும்போது பாதி 92 ஊற்றினால் கணக்கு 93.5க்குப் பக்கத்தில் வரும். அவசரத்துக்குச் சரி, பழக்கமாக்க வேண்டாம். 2022 வரிசைக் காலத்துப் பழக்கத்தில் 95ஐ பிளாஸ்டிக் கானில் மாதக்கணக்கில் சேமித்து வைப்பதும் கூடாது. ஆபத்து ஒருபுறம், இலேசான பகுதிகள் ஆவியாகிப் பெற்றோலும் கெட்டுவிடும்.

ஒக்டேன் பூஸ்டர் போத்தல்களை நான் சிபாரிசு செய்வதில்லை. '5 பொயின்ட் கூடும்' என்று எழுதியிருப்பதில் ஒரு பொயின்ட் என்பது பெரும்பாலும் ஒரு ஒக்டேனில் பத்தில் ஒன்று. அதாவது 92 என்பது 92.5 ஆகும், 97 ஆகாது. மங்கனீஸ் சேர்ந்தவை பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செம்மஞ்சள் படிவு விடும். அதே படிவு ஒட்சிசன் சென்சரிலும் போய் ஒட்டும். ஒரு போத்தல் விலைக்கு 92க்கும் 95க்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டலாம். தின்னர், தொலுயீன் கலக்கச் சொல்கிறவர்கள் சொல்வதைக் கேட்கவே வேண்டாம்.

நொக் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பேணிக்குள் குறுணிக்கல் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், ஏற்றத்தில் மிதிக்கும்போது வரும். பெரிய பைப் போட்ட வண்டியில் அது கேட்காது. அதனால் பிளக்கைக் கழற்றுங்கள். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து, பீங்கானின் நுனியைப் பாருங்கள். இளம் தவிட்டு நிறமாக, சுத்தமாக இருந்தால் நல்லது. மிளகுத் தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நொக் தொடங்கிவிட்டது. அதனிடையே வெள்ளி மாதிரி மினுங்கும் சிறு மணிகள் கண்டால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அந்த வண்டியை அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டுகூடப் போகாதீர்கள். பூஸ்ட் கூட்டின வண்டிக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாக வெளியே கடத்துவது) போடுவதும் நல்லது. என்ஜிகேயில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ச்சி: 6 இருந்தால் 7.

காருக்கு, ஈசியூவை வாசிக்கும் ஓபிடி சாதனம் ஒன்றைக் குத்தி, கைபேசியில் டைமிங்கைப் பார்ப்பதும் நம்பலாம். ஆளில்லாத நேரான வீதியில், ஒரே கியரில், ஒரே சூட்டில், 92இல் ஒரு தரமும் 95இல் ஒரு தரமும் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் டைமிங் ஒன்றாக இருந்தால் உங்கள் வண்டிக்கு 95 தேவையில்லை. 92இல் சில பாகை பின்னுக்கு இழுத்திருந்தால் ஈசியூ உங்களுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. பெற்றோல் மாற்றிய முதல் டேங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேங்கில் பழையது கலந்திருக்கும், ஈசியூவும் பழகக் கொஞ்சம் ஓட்டம் எடுக்கும்.

கலவைக்குப் பெற்றோல் போதாமல் வருகிற நொக்கையும் ஒக்டேனில் போட்டுக் குழப்ப வேண்டாம். பூஸ்ட் கூட்டிவிட்டுப் பழைய பம்பையும் பழைய இன்ஜெக்டரையும் விட்டுவைத்தால் 100 ஊற்றினாலும் நொக் அடிக்கும்.

டைனோவில் (எஞ்சின் வலுவை அளக்கும் மேடையில்) வைத்து டியூன் செய்ய கொழும்புப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் போகிறீர்கள், இரண்டாம் தரம் போவது கஷ்டம். ஆகவே ஒரே அமர்வில் இரண்டு ஃபைல் கேளுங்கள்: 95க்கு ஒன்று, பூஸ்டும் டைமிங்கும் இறக்கி 92க்கு ஒன்று. 95 ஃபைலை முழு விளிம்பில் எழுதவேண்டாம், கச்சான் காலத்துச் சூட்டுக்கு இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். மட்டக்களப்பு வெயிலில் ஓடப்போகும் வண்டி என்பதை அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிரூட்டிய அறையில் பெரிய மின்விசிறி வைத்து எடுத்த கடைசி ஐந்து குதிரைவலு இங்கே வந்து நிற்காது. 92 ஃபைலை வண்டியிலேயே ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டு, எந்த ஃபைல் ஏறியிருக்கிறது என்று பெற்றோல் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். வண்டியைத் தம்பி எடுத்துக்கொண்டு போனாலும் எதை அடிப்பது என்று அவனுக்குத் தெரியும்.