மூன்று போரேட்டுகள், மூன்று விதமான விரிவு

போரானும் ஆக்சிஜனும் ஓர் உலோகத்தோடு சேர்ந்த சேர்மங்களைப் போரேட் என்பார்கள். அவற்றில் ஒன்றான லித்தியம் டிரைபோரேட்டின் படிகத்தை 10 மில்லிமீட்டர் கனசதுரமாக அறுத்து, 25 டிகிரி செல்சியசிலிருந்து 149 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு பக்கம் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர் நீளும், மற்றொன்று 0.04. மூன்றாவது பக்கமோ 0.11 மில்லிமீட்டர் குறுகிவிடும். சூடேறினால் பொருள் விரியும் என்ற பள்ளிப் பாடத்தை இந்தப் படிகம் படிக்கவில்லை! 149 டிகிரியைச் சும்மா சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பச்சை ஒளியாக்கும்போது இதைப் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் வைக்கிறார்கள்.

அதே வேலைக்குப் போட்டி பீட்டா பேரியம் போரேட். இரண்டுமே 1980களில் சீனாவின் ஃபூஜோ நகரில் படிக ஆய்வாளர் சென் சுவாங்தியன் குழுவினர் கொண்டுவந்தவை. பேரியம் போரேட் எந்தப் பக்கமும் சுருங்காது. ஆனால் ஓரவஞ்சனை உண்டு. ஒரு டிகிரிக்கு நெட்டச்சில் பத்து லட்சத்தில் 36 பங்கு விரியும். குறுக்கே வெறும் 4.

போரான்–ஆக்சிஜன் பிணைப்பு இரண்டிலுமே சூட்டுக்கு அவ்வளவாக மசியாது. வித்தியாசம் கோர்ப்பில் இருக்கிறது. பேரியம் போரேட்டில் தட்டையான வளையங்கள் அப்பளம் அடுக்கியதுபோல் நிற்கின்றன. அப்பளம் அப்படியே இருக்க, இடைவெளிதான் கூடுகிறது. லித்தியம் போரேட்டிலோ, ஒரு போரானைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் நிற்கும் முக்கோணங்களும் நான்கு நிற்கும் நான்முகிகளும் மூலைக்கு மூலை கோத்த முப்பரிமாண வலை; மூலையிலுள்ள ஆக்சிஜன்தான் கீல். கடை வாசலின் மடக்குக் கம்பிக் கதவை இழுக்கும்போது குறுக்குச் சட்டங்கள் அகலத்தில் விரிந்து உயரத்தில் தாழுமே, அதே கதைதான்.

நான்முகிகளை மட்டும் கூண்டாகக் கோத்து, உள்ளே துத்தநாக–ஆக்சிஜன் தொகுதியை இறுக்கி வைத்தால்? கீல் திரும்ப இடமில்லை. Zn₄B₆O₁₃ என்ற துத்தநாக போரேட் அப்படிப்பட்டது: 13 முதல் 270 கெல்வின் வரை (ஏறத்தாழ மைனஸ் 260 முதல் மைனஸ் 3 டிகிரி செல்சியஸ்), ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் ஒரு பங்குதான் விரிவு, அதுவும் எல்லாத் திசையிலும் சமமாக.

அப்படியானால் இதையே லேசரில் பொருத்தலாமே என்றால், முடியாது. எல்லாத் திசையும் சமம் என்பதால் இரட்டை ஒளிவிலகல், அதாவது அதிர்வுத் திசைக்கேற்ப ஒளியின் வேகம் மாறுவது, கிடையாது. அதனால் பச்சை ஒளிக்கு வேண்டிய கட்டப் பொருத்தம், அதாவது உள்ளே போகும் அலையும் பிறக்கும் பச்சை அலையும் ஒத்து நடப்பது, கிடைக்காது. குளிரிலும் அளவு மாறக்கூடாத ஒளியியல் பாகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான போரேட்டை நான் காணவில்லை. லேசருக்கு என் ஓட்டு லித்தியம் போரேட்டுக்கே. படிகத்தைச் சூடாக வைத்திருக்கும் சிறு அடுப்பின் சூட்டை மட்டும் மெல்ல ஏற்ற வேண்டும், மெல்ல இறக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகும் முகத்தில் ஒட்டியிருக்கும் ஒளியியல் பூச்சுதான் முதலில் வெடிக்கும்.