பேருந்து ஆசன முற்பதிவுத் தளம்: திரைவாசிப்பானுடன் ஒரு மதிப்பீடு

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்துகளில் ஆசனம் ஒதுக்க உதவும் தனியார் இணையத்தளமொன்றை, பார்வையற்ற பயணியாகிய நான், திரையில் உள்ளதை ஒலியாக வாசித்துக்காட்டும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் பயன்படுத்தினேன். ஊரையும் திகதியையும் தெரிவுசெய்யும் முதற்பக்கம் நன்றாகவே இயங்குகிறது.

சிக்கல் ஆசன வரைபடத்தில் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆசனமும் பெயர் குறிக்கப்படாத படமாகவே இடப்பட்டு, நிறத்தால் மட்டும் வேறுபடுத்தப்பட்டிருப்பதால், எது யன்னலோரம், எது ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது என்று என்னால் அறிய இயலவில்லை. விசைப்பலகையால் அவற்றைத் தெரிவுசெய்யவும் முடியவில்லை. பயனர் மனிதரா என அறிய, படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி இறுதியில் வரும் படவெழுத்துச் சோதனைக்கு ஒலிவடிவ மாற்று வழியும் இல்லை. ஆகவே அயலவர் ஒருவரிடம் என் வங்கி அட்டையைக் கொடுத்தே பணம் செலுத்த நேர்ந்தது. அவர் நேர்மையானவர், ஆயினும் இந்த நிலைக்கு எவரையும் தள்ளுவது முறையன்று.

படங்களுக்கு மாற்றுரை, அதாவது திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய எழுத்து விளக்கம், சேர்க்க வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டல் 1999 முதலே உள்ளது. இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த, ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை இணையத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இணைய வணிகச் சேவைகளுக்கு அணுகுதன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக இருத்தல், சட்டக் கடமையாகியுள்ளது. நிறுவனங்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல், இங்கும் அத்தகைய கட்டாயம் வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தளம் திருத்தப்படும்வரை, தனியாகப் பயணிக்கும் பார்வையற்றோர் நேரில் சென்றோ தொலைபேசியிலோ ஆசனம் ஒதுக்குவது நல்லது.