பத்தாயிரம் ரூபாய்க்கு யாரிடம் போவது: தண்டலா, நகைக்கடனா, குழுக்கடனா, மொபைல் ஆப் கடனா?

கந்துவட்டிக்காரர் என்றதும் கட்டைமீசையும் இரண்டு அடியாட்களும் கண்முன் வருவது சினிமா பார்த்த பழக்கம். நிஜத்தில் பல தெருக்களில் அது எதிர்வீட்டு அக்காதான். அஞ்சு வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் அஞ்சு ரூபாய் வட்டிக்கு, விடுகிற அந்த அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை முதலில் போகும். ஆள் நகர்ந்ததும் "ரத்தத்தை உறிஞ்சுறா" என்பார்கள். இரண்டுமே மனதார வருவதுதான். சரி, பூ விற்கும் ஒரு அம்மாவுக்கு அவசரமாக 10,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போவது?

தினமும் வந்து வசூலிக்கும் தண்டல்காரரிடம் போனால் பேச்சு 10,000, கைக்கு வருவது 8,500. மீதியை முதலிலேயே பிடித்துக்கொள்வார். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். 'பத்தாயிரத்துக்கு 1,500, பதினைந்து சதவீதம்தானே' என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. சந்தைகளில் ஓடும் ஒருநாள் கடன் இன்னும் மோசம். விடியற்காலை 900 வாங்கினால் சாயங்காலம் 1,000 தர வேண்டும். ஒரு நாளைக்கே 11 சதவீதம். ஆனால் வாங்குகிறவர் அதை வட்டியாகவே நினைப்பதில்லை. ஆட்டோக்காரருக்கு ஒரு நூறு, வட்டிக்காரருக்கு ஒரு நூறு, அவ்வளவுதான். சரக்கு ஏலம் போகிற நேரத்தில் எந்த வங்கி திறந்திருக்கிறது? கையெழுத்துகூடக் கேட்காமல் பணம் தருகிறவர் மேல் ஒரு நன்றியும் இருக்கத்தான் செய்கிறது.

தவணை தவறும்வரைதான் அந்த நன்றி. மீட்டர் வட்டி என்றால் அசலைக் கட்டினாலும் தீராது, தாமதிக்கத் தாமதிக்க ஏறிக்கொண்டே போகும். 2003-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் கந்துவட்டி, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்தது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் இருக்கும்போதுதான், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது.

நகைக்கடனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், 10,000-க்கு 100 நாள் வட்டி 300 ரூபாய்கூட வராது. அடகுக்கடையில் மாதம் 2 வட்டி என்றாலும் ஆண்டுக்கு 24 சதவீதம்தான். வீட்டில் ஒரு சோடி கம்மல் இருந்தாலும் இதுவே முதல் இடம். கம்மலைக் கழற்றினால் ஊர் என்ன பேசும் என்ற கூச்சத்தில் தண்டல் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மைக்ரோஃபைனான்ஸ் குழுக்கடனில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. 2022-ல் ரிசர்வ் வங்கி இதற்கான வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. தண்டலோடு பார்த்தால் இது மலிவுதான். ஆனால் வசூல் வேறு மாதிரி. வட்டிக்காரர் வாசலில் நின்று கத்தினால் தெரு அவரைத் திட்டும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் தெரு அவளைத்தான் திட்டும், ஏனென்றால் அவள் பங்குக்கு மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் கெடுவதே இல்லை.

ஆப் கடனில் திட்டுவதற்குக்கூட ஒரு முகம் கிடையாது. கடன் வாங்குபவரின் கணக்குக்கே பணம் நேராகப் போக வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. போலி ஆப்காரர்களுக்கு எந்த விதியும் பொருட்டில்லை. ஏழு நாளில் பணம் வராவிட்டால் உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். என் கணக்கில் இதற்குக் கடைசி இடம், தண்டலுக்கும் கீழே. தண்டல்காரரிடம் நாலு நாள் தவணை சொல்லிக் கெஞ்சவாவது முடியும்.

தெரு வியாபாரிகளுக்கென்றே 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. பிணையில்லா முதல் கடன் 10,000 ஆக இருந்து, 2025-ல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீதம் வட்டி மானியமும் உண்டு. வியாபாரி அட்டையோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும், வங்கிக்கும் அலைய வேண்டும். அவசரத்துக்கு உதவாது, ஆனால் அவசரம் வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வேறு வழியில்லாமல் வட்டிக்காரரிடமே போனால், தொகை எழுதாத காசோலையிலோ வெற்று புரோநோட்டிலோ (கடன் பத்திரம்) கையெழுத்துப் போடாதீர்கள். 8,500 வாங்கியவர் பேரில் இரண்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டு, கணக்கில் பணமில்லை என்று திரும்பவைத்து, காசோலை வழக்குத் தொடுக்க முடியும். அப்புறம் கந்துவட்டிப் புகார் கொடுக்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.