மாசி வீதியில் உட்கார்ந்து வரைய: 25% பருத்தி வாட்டர்கலர் தாள்

ஏ4 பேடு, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு), கால் பங்கு பருத்தி. முழுப் பருத்தித் தாளின் விலையைக் கேட்டால் கை பின்வாங்கும். வெறும் மரக்கூழ்த் தாளோ இரண்டு பூச்சுக்கே மேல்தோல் உரியும். இது இரண்டுக்கும் நடுவே. ஆனால் மதுரை வெயிலில் இதை வேறு விதமாகத்தான் கையாள வேண்டும்.

சித்திரை வெயிலில் வானத்துக்கு விடும் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு), தாளின் பாதியைத் தாண்டுவதற்குள் மேல் ஓரத்தில் காய்ந்துவிடும். அங்கே மறுபடி பிரஷ் பட்டால் கோடு விழும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் தண்ணீர் சொட்டும் பிரஷை வைத்தால் காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு பூக்கும். முழுப் பருத்தி ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் அவகாசம் தரும். இது அவ்வளவு தராது. அதனால் தாளைப் பேடிலிருந்து பிரித்து, இரு பக்கமும் நன்றாக நனைத்து, அக்ரிலிக் (பிளாஸ்டிக்) அட்டை மேல் படுக்கவையுங்கள். சில நிமிடம் ஊறியதும் மேலே மின்னும் தண்ணீரைத் துணியால் ஒற்றிவிட்டுப் பூசலாம். டேப் வேண்டாம், தாளும் வளையாது. மரப்பலகை கூடாது, ஈரத்தை அதுவே குடித்துவிடும். டேப் ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நிழலுக்குக் கொண்டுபோய் முழுக்கக் காய்ந்த பிறகு சாய்வாக, மெதுவாக உரியுங்கள். வெயிலில் இளகிய பசை தாளின் தோலையும் சேர்த்துப் பிய்க்கும்.

பூச்சு மூன்றைத் தாண்டினால் அடிவண்ணம் கலங்கிச் சேறாகும். மீனாட்சி கோயில் கோபுரத்துச் சுதைகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைய நினைப்பவர்களை இந்தத் தாள் படுத்தி எடுக்கும் (நல்லதுதான்). முதலில் வெளிர் மஞ்சள். அது காய்ந்ததும் நிழல் பக்கம் முழுவதற்கும் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பல், ஒரே வீச்சில். பிறகு ஈரமில்லாத பிரஷால் நிலைகளுக்கு நடுவே நாலு கீற்று, போதும். ஒன்பது நிலைத் தெற்குக் கோபுரம் மிரட்டினால், சுதை குறைந்த வடக்கு மொட்டைக் கோபுரத்தில் தொடங்கலாம். திருமலை நாயக்கர் மகால் தூண்களுக்கு வெள்ளை வண்ணமே வேண்டாம். தாளை அப்படியே விட்டு நிழலை மட்டும் வைத்தால் தூண் எழுந்து நிற்கும்.

ஏ4 அளவுதான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. பாரிஸில் 19ஆம் நூற்றாண்டில் நகரத்தை மாற்றியமைத்த அதிகாரி ஓஸ்மான் வெட்டிய அகல வீதிகளை இம்ப்ரஷனிஸ்டுகள் (ஒளியின் நொடிநேரத் தோற்றத்தைப் பிடித்த ஓவியர்கள்) படமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான பிஸ்ஸாரோ 1897இல் ஹோட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்து மோன்மார்த்ர் என்னும் அகல வீதியை திரும்பத் திரும்ப வரைந்தார். கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அடங்கிய நம் வீதிகளில் தள்ளி நின்று பார்க்க இடம் ஏது? பெயர்ப்பலகைக்கும் மின்கம்பிக்கும் நடுவே கோபுரம் செங்குத்தான கீற்றாகத்தான் தெரியும். தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 297 × 105 மி.மீ. கீற்றில் வரைந்து பாருங்கள். அதே கோபுரம் சட்டென்று உயரும். பேடும் இரட்டிப்பு நாள் வரும். தெப்பக்குளத்துக்கும் யானைமலைக்கும் அதே கீற்றைப் படுக்கவைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி மழையில் பேடைத் திறந்து போடாதீர்கள். ஈரம் ஏறினால் தண்ணீர் சட்டென்று ஊறாமல் தடுக்கத் தாளில் சேர்த்திருக்கும் பசை கெட்டு, வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும். பழைய சரக்கு என்று சந்தேகமாக இருந்தால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நிற்காமல் உடனே உறிஞ்சினால் அந்தப் பேடு பென்சிலுக்குத்தான்.