ஹபிள் ஸ்டிஸ் கோப்புகள்: நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்கு நிறமாலை தேடுகிறவர்கள் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஸ்டிஸ் என்ற நிறமாலைக் கருவி எடுத்த தரவைத் தயங்காமல் எடுக்கலாம். மாஸ்ட் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் இலவசம். நிறமாலை உள்ள எக்ஸ்1டி கோப்பு சில எம்.பி.தான், மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும். பக்கத்தில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர், ஹபிளுடையது 2.4. ஆனாலும் 3000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே உள்ள புற ஊதாவை ஓசோன் விழுங்கிவிடுவதால் அதைத் தரையிலிருந்து பார்க்க வழியில்லை.

கோப்புப் பெயரின் வாலைப் பாருங்கள். ரா என்பது மூலப் படம், எஃப்எல்டி திருத்திய படம், எக்ஸ்1டி அலைநீளமும் ஃப்ளக்ஸும் (வந்துசேரும் ஒளியின் அளவு) கொண்ட அட்டவணை. சிசிடி (டிஜிட்டல் கேமராச் சில்லு) எடுப்புகளில் காஸ்மிக் கதிர்த் தடங்களை நீக்கிய எஸ்எக்ஸ்1 இருந்தால் அதையே எடுங்கள்.

ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகத்தில் திறந்தால் கோப்பின் எக்ஸ்டென்ஷன் (உட்பகுதி) 1-இல் அட்டவணை இருக்கும். அலைநீளம், ஃப்ளக்ஸ் போன்ற பத்திகளில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 1024 எண்கள். நிறமாலையைப் பல துண்டுகளாக (ஆர்டர்) பிரித்து விழச்செய்யும் எஷெல் கிரேட்டிங் என்றால் ஒரு வரிசைக்கு ஓர் ஆர்டர். முதல் வரிசையை மட்டும் வரைந்தால் நிறமாலையின் ஒரு துண்டுதான் கிடைக்கும். அடுத்தடுத்த ஆர்டர்களின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். அங்கே உணர்திறன் குறைவு, இரைச்சல் அதிகம். ஓரங்களை வெட்டிவிட்டுப் பிழை எடையோடு சேர்ப்பதே சரி.

அதிகம் தடுக்கி விழும் இடம் தரவின் தரத்தைச் சொல்லும் டிக்யூ பத்தி. அதில் இருப்பது மதிப்பெண் இல்லை, 2-இன் அடுக்குகளின் கூட்டல். 528 என்று வந்தால் 512 + 16: ரெஃபரன்ஸ் கோப்பில் (திருத்தத்துக்குப் பயன்படும் கோப்பு) கெட்ட பிக்சல், கூடவே டார்க் அளவும் (ஒளி இல்லாதபோதும் பதிவாகும் அளவு) அதிகம். 256 என்றால் செறிவடைந்துவிட்டது, அந்த ஃப்ளக்ஸை நம்பாதீர்கள். பைத்தானில் பிட்வைஸ் ஆண்ட் (&) போட்டு எந்த அடுக்கு இருக்கிறதென்று சோதியுங்கள், பெரிது சிறிது பார்த்து வடிகட்டாதீர்கள். சிசிடியில் வழக்கமாக 7 பிக்சல் உயரத்தைக் கூட்டித்தான் ஒரு புள்ளி வருகிறது. அதில் ஒரு பிக்சல் கெட்டாலும் டிக்யூவில் எச்சரிக்கைக் கொடி ஏறிவிடும். ஆகவே 16-ஐக் கண்டதும் தூக்கி எறியாமல் எஃப்எல்டி படத்தில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மெல்லிய உமிழ்கோடு என்று நினைத்தது சூடான பிக்சலாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

அலைநீளங்கள் வெற்றிடத்துக்கானவை. ஹைட்ரஜனின் எச்-ஆல்ஃபா கோடு 6562.8 ஆங்ஸ்ட்ராமில் இல்லை, 6564.6-இல் இருக்கும். காற்று அலைநீளப் பட்டியலோடு ஒப்பிட்டால் திசைவேகத்தில் விநாடிக்கு 80 கி.மீ.க்கு மேல் பிசகும். ஹெடரில் (கோப்பின் தலைப்புக் குறிப்புகள்) ஹெல்கார் ‘கம்ப்ளீட்’ என்றிருந்தால் சூரியமையத் திருத்தம் (பூமியின் ஓட்டத்தால் வரும் அலைநீள மாற்றத்தைச் சரிசெய்வது) முடிந்துவிட்டது, மறுபடியும் செய்ய வேண்டாம்.

1215.67-இல் ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு துருத்தி நின்றால் உடனே விண்மீனின் கணக்கில் எழுத வேண்டாம். பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனின் ஒளியும் அங்கேதான் விழும். ஜி750எல் என்ற கிரேட்டிங்கில் 7000-க்கு மேல் தெரியும் அலையலையான ஏற்ற இறக்கம் சிசிடிக்குள் ஒளி குறுக்கிடுவதால் வரும் ஃப்ரிஞ்சிங். தானியங்கிச் செயலாக்கம் அதை நீக்குவதில்லை, அந்த எடுப்போடு சேர்த்து எடுத்த ஃப்ரிஞ்ச் ஃப்ளாட்டையும் (விளக்கொளியில் எடுத்த திருத்தப் படம்) இறக்கி ஸ்டிஸ்டூல்ஸ் என்ற பைத்தான் தொகுப்பில் ஓட்ட வேண்டும். நெபுலாவுக்கு எக்ஸ்1டி ஃப்ளக்ஸ் சரிவராது, அது புள்ளி மூலத்துக்கான கணக்கு. இருபரிமாண நிறமாலைப் படமான எக்ஸ்2டி எடுங்கள்.

கோப்பை இறக்கிய தேதியையும் ஹெடரில் உள்ள கேல்வெர் எண்ணையும் (செயலாக்க மென்பொருளின் பதிப்பு) ப்ராஜெக்ட் நோட்டில் குறித்து வையுங்கள். ரெஃபரன்ஸ் கோப்புகள் மாறும்போது காப்பகம் மறுபடி செயலாக்கும். அதே பெயரில் அடுத்த வருடம் இறக்கினால் ஃப்ளக்ஸ் கொஞ்சம் வேறாக இருக்கலாம்.