ஹேண்டி ரேடியோவுக்குக் கார் ஆண்டெனா: எந்தக் கம்பி, எந்த அடித்தளம்?

ஹாம் ரேடியோ ஹேண்டியில் (கையடக்க ரேடியோ) வெளியே நின்று பேசும்போது தெளிவாக எட்டிய ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்), காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் கரகரக்க ஆரம்பிக்கும். ஹேண்டியில் குறை எதுவும் இல்லை. சுற்றிலும் இரும்புத் தகடு. அலை வெளியேற ஜன்னல் கண்ணாடிகளை விட்டால் வேறு வழி கிடையாது. போதாததற்கு, ஹேண்டியோடு வரும் ரப்பர் டக் ஆண்டெனா இடுப்பில் செருகிக்கொள்ள வசதியாகக் குறுக்கப்பட்டது. 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அதன் திறன் எப்போதுமே சுமார்தான். இரண்டும் சேர்ந்து 10 டெசிபெல் விழுங்கிவிடுவது சாதாரணம். 10 டெசிபெல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. அதாவது 5 வாட் ஹேண்டி அரை வாட் ஹேண்டியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆண்டெனாவைக் கூரைக்கு மேல் கொண்டுபோனால், 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்கு மாறிய அளவுக்கு லாபம். 50 வாட் மொபைல் செட் (காரிலேயே பொருத்தும் ரேடியோ) வாங்கினால் அனுப்புவது மட்டும்தான் பலமாகும்; கேட்பது அப்படியே இருக்கும். ஆண்டெனாவை இடம் மாற்றினால் கேட்பதும் கூடுகிறது. உபரியாக, அலை வீசும் கம்பி தலைக்குப் பக்கத்தில் இல்லாமல், நடுவில் ஒரு தகடு வந்துவிடுகிறது.

ஆக, பெரிய தீர்ப்பு உள்ளேயா வெளியேயா என்பதிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த மாடல், எத்தனை டெசிபெல் என்று நடக்கும் வாக்குவாதமெல்லாம் ஒன்று முதல் மூன்று டெசிபெல் வரையிலான சமாச்சாரம். இதை மனதில் வைத்துக்கொண்டு போட்டியாளர்களைப் பார்க்கலாம்.

கம்பியின் நீளம்

கால் அலை ஆண்டெனாதான் இருப்பதிலேயே எளிமையானது. 145 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 49 செ.மீ. நீளமுள்ள வெறும் எஃகுக் கம்பி. ஆண்டெனாவின் இன்னொரு பாதியாகக் கார் கூரையே வேலை செய்கிறது. சுருள் இல்லை, மின்தேக்கி இல்லை, பழுதாக எதுவுமே இல்லை. இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு: 435 என்பது 145-இன் சரியாக மூன்று மடங்கு. அதனால் அதே கம்பி 70 செ.மீ. பேண்டில் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) முக்கால் அலையாக ஒத்திசைகிறது. அங்கே அலை கொஞ்சம் மேல்நோக்கிப் போகும்; தொடுவானத்தை நோக்கிப் போவது குறையும். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டருக்கு அது பெரிய குறையில்லை. சமவெளியில் தூரத்து நண்பரோடு 70 செ.மீ. சிம்ப்ளெக்ஸில் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக) பேசுகிறவருக்கு அந்தக் குறை தெரியும்.

எட்டில் ஐந்து அலை என்று சொல்லப்படும் 5/8 ஆண்டெனா 2 மீட்டரில் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அடியில் ஒரு சுருள் இருக்கும். கால் அலையைவிட 3 டெசிபெல் கூடுதல் என்பது இதற்குச் சொல்லப்படும் பெருமை. அந்தக் கணக்கு முடிவில்லாமல் விரிந்த உலோகத் தரைக்குப் போட்டது. கார் கூரை அவ்வளவு பெரியதில்லை என்பதால் முழு 3 டெசிபெலும் கைக்கு வருவதில்லை. வந்தாலும், சிக்னல் மீட்டரின் ஒரு புள்ளியான எஸ் யூனிட் என்பது 6 டெசிபெல். மீட்டர் முள் அரைப் புள்ளி நகரும், அவ்வளவுதான். நீண்ட சமவெளிச் சாலையில், ரிப்பீட்டரின் எல்லையில் ஓடும்போது அந்த அரைப் புள்ளிக்கு மதிப்பு உண்டு. கட்டடங்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே அலை பல கோணங்களில் எதிரொலித்து வருவதால், தாழ்ந்த கோணத்துக்கென்று செய்த ஆண்டெனாவின் அனுகூலம் கரைந்துவிடுகிறது. வேகமாகப் போகும்போது நீளக் கம்பி பின்னால் வளைந்து ஆடும். சிக்னலும் சேர்ந்து ஆடும்.

அரை அலைக் கம்பி சுமார் ஒரு மீட்டர். இதற்குக் கீழே உலோகத் தளம் தேவைப்படுவதில்லை என்பதுதான் தனிச்சிறப்பு. லக்கேஜ் கம்பி, பக்கக் கண்ணாடித் தாங்கி, ஃபைபர் கூரை போன்ற இடங்களில் கால் அலை திணறும், இது பிழைத்துக்கொள்ளும். கடையில் ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும் இரட்டை பேண்ட் ஆண்டெனாக்களில் பல, 2 மீட்டரில் அரை அலையாகவும் 70 செ.மீ.யில் இரண்டு 5/8 துண்டுகளை அடுக்கியது போலவும் வேலை செய்பவை. டயமண்ட் என்ஆர்770எச் அந்த வகைதான். 70 செ.மீ.யில் அதிகம் பேசுகிறவர்களுக்கு இவற்றைச் சிபாரிசு செய்யத் தயக்கமில்லை.

விரல் நீளத்தில், பார்க்க அழகாக, 'இரட்டை பேண்ட்' என்று விற்கிற குட்டிக் காந்த ஆண்டெனாக்கள் வேறு கதை. 70 செ.மீ.க்குக் கால் அலை 17 செ.மீ.தான் என்பதால் அங்கே ஓரளவு ஒப்பேற்றிவிடும். 2 மீட்டரில் அது கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ரப்பர் டக். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் உயரம் இடிக்கிறது என்ற காரணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் மடக்கக்கூடிய கம்பி மேல்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆதாய எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டிபிஐ (dBi) என்று போட்டால் எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஒரு கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்டது. டிபிடி (dBd) என்றால் டைபோல் என்ற இரு கைக் கம்பி ஆண்டெனாவோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் 2.15 வித்தியாசம். வெறும் 'டிபி' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

ஆண்டெனா பெரிதானால் ஹேண்டி செவிடாகலாம்

கார் ஆண்டெனா பற்றிய பெரும்பாலான ஒப்பீடுகள் மொபைல் செட் வைத்திருப்பவருக்கு எழுதியவை. ஹேண்டிக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காரணம் ரிசீவர்.

ஹேண்டியை வடிவமைத்தவர் ரப்பர் டக்கை மனதில் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார். மலிவான மாடல்கள் பலவற்றில் ரிசீவர் மொத்தமும் ஒரே சிப்புக்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னால் வடிகட்டி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கூரைமேல் நல்ல ஆண்டெனாவை வைத்து இதோடு இணைத்தால், நமக்கு வேண்டிய சிக்னலோடு எஃப்எம் ஒலிபரப்புக் கோபுரம், பக்கத்து வணிக ரேடியோக்கள் எல்லாம் பலமாக உள்ளே நுழைகின்றன. ரிசீவர் திணறி, மெல்லிய சிக்னலைக் கோட்டைவிடுகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசுகிற நிலைமை.

அறிகுறிகள் இவை: ஊருக்கு வெளியே அருமையாகக் கேட்கும், நகரத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் மங்கும். சில இடங்களில் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் வசதி) தானாகத் திறந்து இரையும். குறிப்பிட்ட ஒரு கோபுரத்தைத் தாண்டும்வரை ரிப்பீட்டர் காணாமல் போயிருக்கும். சோதிப்பது சுலபம். தொந்தரவு உள்ள இடத்தில் காரை நிறுத்தி, மெல்லிய ஒரு சிக்னலை மானிட்டர் பொத்தானை அழுத்திக் கூரை ஆண்டெனாவில் கேளுங்கள். அப்புறம் வெளியே இறங்கி ரப்பர் டக்கில் கேளுங்கள். ரப்பர் டக்கில் நன்றாகக் கேட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

சில ஹேண்டிகளில் அட்டென்யுவேட்டர் (உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பது) மெனுவிலேயே இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கலாம். பேண்ட் பாஸ் வடிகட்டி (ஒரு பேண்டை மட்டும் உள்ளே விடுவது) வைக்கலாம், ஆனால் இரட்டை பேண்டுக்கு அது சிக்கல். பெரும்பாலோருக்கு எளிய வழி, ஆதாயம் குறைந்த கம்பியைத் தேர்ந்தெடுப்பது. நான் கால் அலையின் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். அனுப்பும்போது அதில் இழப்பது சொற்பம். கேட்கும்போது, இந்த மாதிரி ரிசீவரில், சில இடங்களில் லாபமாகவே முடியும்.

நல்ல வடிகட்டியுள்ள, விலை கூடிய ஹேண்டி வைத்திருப்பவர் இந்தப் பகுதியை அலட்சியம் செய்யலாம். அவருக்கு 5/8 கம்பியும் ஒத்துவரும்.

எதன்மேல் நிறுத்துவது

கூரை நடுவில் ஓட்டை போட்டுப் பொருத்தும் என்எம்ஓ அடித்தளத்துக்கு மின்சார ரீதியில் நிகர் இல்லை. கூரையோடு நேரடித் தொடர்பு, எல்லாத் திசையிலும் சமமான தளம், கேபிள் உள்பக்கமாகவே ஓடிவிடும். வழக்கமான ஓட்டை 19 மி.மீ. விட்டம். ஆனால் ஹேண்டிக்காக யாராவது கூரையைத் துளைப்பார்களா? நாளைக்கு மொபைல் செட் வைக்கும் எண்ணம் இருந்தால், அல்லது கார் பழையது, சொந்தமானது என்றால், சரி. மற்றவர்களுக்கு இந்தப் பேச்சு வேண்டாம்.

காந்த அடித்தளம் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் போதும். அது கூரையைத் தொடுவதில்லை. பெயின்ட்டுக்கு மேல் உட்கார்ந்து, மின்தேக்கியின் ஒரு தகடு போலக் கூரையோடு பிணைகிறது. அதனால் காந்தத்தின் பரப்பு முக்கியம். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, பிணைப்பும் அந்த அளவுக்குக் கூடும். குட்டிக் காந்தம் 70 செ.மீ.யில் சமாளிக்கும், 2 மீட்டரில் இளைக்கும். கீறல் விழாமலிருக்கத் தடித்த ரப்பர் விரிப்பைக் காந்தத்துக்கு அடியில் வைப்பவர்கள் இந்தப் பிணைப்பைத்தான் வெட்டுகிறார்கள். கீறலுக்குக் காரணம் தூசி. அவ்வப்போது தூக்கித் துடைத்துவிட்டு வையுங்கள். எடுக்கும்போது இழுக்காமல் சாய்த்துத் தூக்குங்கள்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: நடுவில். 2 மீட்டருக்குக் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மீட்டர் தகடு இருந்தால் நல்லது. ஓரத்தில் வைத்தால் தகடு அதிகமுள்ள திசையில் பலமாகவும் மற்ற திசையில் மெலிந்தும் போகும். டிக்கி மூடியின் நடுவில் வைப்பதும் பரவாயில்லை, ஆனால் கூரை முன்பக்கத்தை மறைக்கும்.

டிக்கி விளிம்பைக் கவ்வும் லிப் மவுண்ட், காந்தம் ஒட்டாத அலுமினியக் கார்களுக்கும், தினமும் கழற்றி மாட்ட விரும்பாதவர்களுக்கும் ஏற்றது. இதிலுள்ள சின்ன திருகுகள் பெயின்ட்டைத் துளைத்து உலோகத்தைத் தொட்டாக வேண்டும். தொடவில்லை என்றால் கால் அலைக் கம்பிக்குத் தளமே இல்லை. தொட்டால், கொஞ்ச நாளில் அங்கே துரு எட்டிப்பார்க்கும். மேலே கிரீஸ் தடவி வைப்பது நல்லது.

கண்ணாடியில் ஒட்டும் ஆண்டெனாவை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். சிக்னல் கண்ணாடியை ஊடுருவித்தான் மறுபக்கத் தகட்டுக்குப் போக வேண்டும். அதில் கொஞ்சம் வீணாகும். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிமோ சூடேற்றும் கம்பிகளோ இருந்தால் நிறையவே வீணாகும்.

கூரை முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கார்களில் காந்தத்துக்கு இடமே இல்லை. அவர்களுக்கு லிப் மவுண்ட், அதன்மேல் அரை அலைக் கம்பி. விளிம்பில் தளம் ஒழுங்காக அமையாது என்பதால் இங்கே கால் அலை வேண்டாம்.

கேபிளும் இணைப்பியும்

காந்த ஆண்டெனாக்களோடு வரும் கேபிளைப் பாருங்கள். ஆர்ஜி-58 தடிமனாக இருக்கும். 4 மீட்டர் நீளத்தில் 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபெலுக்குள், 435-இல் சுமார் ஒன்றரை டெசிபெல் போகும். மெல்லிய ஆர்ஜி-174 என்றால் 145-இல் சுமார் 1.4, 435-இல் இரண்டரை டெசிபெலைத் தாண்டும். அதாவது 70 செ.மீ.யில் கிட்டத்தட்டப் பாதிச் சக்தி கேபிளைச் சூடாக்கவே செலவாகிறது. ஆதாயம் கூடிய கம்பிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை மெல்லிய கேபிளில் தொலைப்பது வேடிக்கை. ஆனால் தடித்த கேபிளை நேராக ஹேண்டியின் எஸ்எம்ஏ முனையில் மாட்டினால், அதன் எடையும் முறுக்கும் அந்தச் சின்ன இணைப்பியை நாளடைவில் ஆட்டிவிடும். நடுவழி இதுதான்: கூரையிலிருந்து இருக்கை வரை ஆர்ஜி-58, கடைசி ஒரு சாணுக்கு மட்டும் மெல்லிய கேபிள். அந்தத் துண்டில் போகும் இழப்பு கணக்கில் வராது.

எஸ்எம்ஏ-வில் ஆண், பெண் குழப்பம் உண்டு. யேசு, ஐகாம் ஹேண்டிகளில் எஸ்எம்ஏ இருந்தால் பொதுவாக ரேடியோ பக்கம் துளை, ஆண்டெனா பக்கம் ஊசி. பாவ்ஃபெங் யுவி-5ஆர் வகையில் நேர்மாறு. வாங்கும் முன் உங்கள் ரேடியோவின் முனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி ரப்பர் டக்கும் கார் ஆண்டெனாவும் மாற்றி மாற்றிப் போடுகிறவர், ஹேண்டியில் நிரந்தரமாக ஒரு எஸ்எம்ஏ-பிஎன்சி மாற்றி வைத்துக்கொண்டால் கால் சுற்றில் கழற்றி மாட்டலாம். எஸ்எம்ஏ திருகும் தேயாது.

கேபிளைப் பின்கதவு அல்லது டிக்கி வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் கேபிளோடு வழிந்து உள்ளே வராது.

வாங்கியபின் அளந்து பார்க்க

எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) 1.5-க்குள் இருந்தால் மகிழ்ச்சி. 2 இருந்தாலும் திரும்பி வருவது 11 சதவீதம், அரை டெசிபெல். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 3-ஐத் தாண்டினால் அனுப்பாதீர்கள், இறுதிக்கட்ட டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. கால் அலைக் கம்பியில் ஒரு செ.மீ. வெட்டினால் 2 மீட்டரில் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். ஆகவே மில்லிமீட்டர் கணக்கில் வெட்டுங்கள். நானோவிஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) இரவல் கிடைத்தால் இந்த வேலை சீக்கிரம் முடியும். எஸ்டபிள்யூஆர் நன்றாக இருந்தால் ஆண்டெனாவும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்: சக்தியை வெறும் வெப்பமாக்கும் 50 ஓம் டம்மி லோடின் எஸ்டபிள்யூஆர் அபாரமாக இருக்கும், சிக்னல் எங்கேயும் போகாது. இழப்பு மிகுந்த கேபிளும் அப்படித்தான் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரைச்சல் இருந்தால், சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் 2 மீட்டரில் நன்றாகவே இரையும்.